பிரிக்காத கவரும் ஐந்து சாமிகளும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கை செல்வி நன்றாக இருக்கிறாள். நேற்றுகூட அம்பத்தூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு, மலேசியாவில், கிள்ளானில் உட்கார்ந்திருக்கும் என்னுடைய பனியன் அழுக்காக இருக்கிறது என்று திட்டினாள். ஆகவே இதைப் படிக்கிறவர்கள் யாரும் பதற வேண்டாம். எனக்கு மட்டும் இப்படி முன்கூட்டிச் சொல்ல அப்போது ஆள் இல்லை.

விஷயம் இதுதான். செல்விக்கு மார்பில் ஒரு கட்டி. ஊசி குத்திச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வந்தது. வந்த ரிப்போர்ட்டை அவள் பிரிக்கவில்லை. எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, நீ வந்து பிரி. அதுக்கு முன்னாடி அஞ்சு சாமிக்கு வேண்டிக்கினு கீறேன். அஞ்சையும் பார்த்துட்டுத்தான் பிரிக்கணும்."

நான் நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன். சாமி கும்பிடுகிறவர்களை நான் தடுப்பதில்லை. அவர்கள் என்னைக் கூப்பிட்டால்தான் கோபம் வரும். "பிரிச்சு போட்டோ எடுத்து அனுப்பு, நான் இங்கேயே படிச்சுச் சொல்றேன்" என்றேன். அழ ஆரம்பித்தாள். அழுகிறவளிடம் அறிவியல் எடுபடாது. பெட்டியைக் கட்டிவிட்டேன்.

அம்பத்தூர் மேனாம்பேட்டில் செல்வி வாழ்க்கைப்பட்டு முப்பது வருடம் ஆகிறது. ஒரு காலத்தில் நெல் விளைவித்த குடும்பம். நெல் நின்ற இடத்தில் இப்போது மாடி மாடியாக வீடு. மாப்பிள்ளை ஏகாம்பரம் அங்கே தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேசவே மாட்டார். பேசினால் மெஷின் சத்தத்தில் யார் காதில் விழப்போகிறது என்று முப்பது வருடம் பழகிவிட்டார் போலிருக்கிறது. மகன் புனேயில் வேலை பார்க்கிறான். அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் போய் இறங்கியதும் ஏகாம்பரமே இட்லியும் வடகறியும் கொண்டுவந்து வைத்தார். அவர் சமையலறைக்குள் போய் நான் பார்த்ததே இல்லை. "இன்னா மச்சான், பிளேன்ல தூங்குனியா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் ஊரில் காலையில் ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் தின்கிறவன் நான். ஆனால் அந்த வடகறிக்கு முன்னால் ஊர்ப்பற்றெல்லாம் நிற்கவில்லை. ஆறு இட்லி உள்ளே போயிற்று.

சாமி படத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் துணி மூட்டை இருந்தது. கவரும் அதற்குள், வேண்டுதல் காசும் அதற்குள். கவர் கைக்கு வந்தபோது எழுத்து ஏதாவது வெளியே தெரிந்துவிடுமோ என்று கண்ணை மூடிக்கொண்டே துணியில் சுற்றினாளாம்.

"செல்வி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? உள்ளே இருக்கிறது போன வாரமே டைப் அடிச்சாச்சு. இனிமே நீ எந்தச் சாமிகிட்டப் போனாலும் அந்த எழுத்து மாறாது."

"உனக்கு போன வாரம். அவங்களுக்கு இன்னா போன வாரம், வர்ற வாரம்? எல்லாம் ஒண்ணுதானே. நான் இன்னிக்கு அழுவேன்னு அப்பவே தெரிஞ்சு, அப்பவே சரி பண்ணியிருப்பாங்க."

"அப்படின்னா சரி பண்ணியாச்சு. நீ போகவே வேணாமே?"

"நான் போவலைன்னா, போவமாட்டேன்னு அப்பவே தெரிஞ்சிருக்குமே! வுட்டிருப்பாங்களே!"

நாற்பது வருடத்தில் ஒரு மாணவனும் என்னை இப்படி மடக்கியதில்லை. ஏழாவது இட்லியை எடுத்தேன்.

முதல் சாமி தெருமுனை அம்மன். நடந்தே போகலாம் என்றார்கள். நடப்பதற்குத் தெருவில் இடம் இல்லை: ஒரு பக்கம் குழாய் புதைக்கத் தோண்டியிருந்தார்கள், இன்னொரு பக்கம் நேற்று மூடிய பள்ளத்தை மறுபடி தோண்டிக்கொண்டிருந்தார்கள். மூட்டையைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு செல்வி முன்னால் போனாள். பின்னால் தண்ணீர் பாட்டிலோடு ஏகாம்பரம். கடைசியில் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நான்.

பூசாரி மூட்டைக்குக் குங்குமம் வைத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஐயா, அம்மாவுக்கு எல்லாம் முன்னாடியே தெரியுமில்ல? அப்புறம் நாம எதுக்குக் கேட்கிறது?" என்றேன்.

"எங்க ஊட்டுக்காரிக்கு நான் சாப்பிட வருவேன்னு தெரியும் சார். ஆனா வாசப்படியில நின்னு கூப்பிடலைன்னா சோறு போடமாட்டா" என்றார் பூசாரி. பிறகு சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். ஏகாம்பரம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை பெருமாள். பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினோம். பாதி வழியில் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கிப் போய் எஞ்சினைப் பார்த்துவிட்டு வந்து, "பின்னாடி வர்ற வண்டில ஏறிக்கங்க" என்றார். பின்னாடி வந்த வண்டியில் முன்னாடி நின்றுபோன வண்டியின் கூட்டம் ஏற்கெனவே ஏறியிருந்தது. எங்கள் ஊரில் ரயில் மூன்று நிமிடம் தாமதமானால் மன்னிப்புக் கேட்டு ஒலிபெருக்கியில் சொல்வார்கள் என்று நான் சொல்ல, பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தவர், "இங்க மன்னிப்பு கேக்க ஆரம்பிச்சா வண்டி ஓட்ட நேரம் இருக்காது நைனா" என்றார். மூட்டையைக் கூட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே செல்வி முக்கால் மணி நேரம் நின்றாள். கையை மாற்றித் தருகிறேன் என்றேன். நம்பிக்கை இல்லாதவன் கைக்குத் தரமுடியாது என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

பெருமாள் கோயில் பட்டர் வேகமாகப் பேசுகிறவர். செல்வி மூட்டையைச் சொல்லி அழுததும், அவரே என் பக்கம் திரும்பி விளக்கினார்.

"தெரியறது வேற, பண்றது வேற சார். நான் வாசல்ல நிக்கறேன். ஒரு பையன் ஸ்கூட்டர்ல வர்றான், எதிர்க்க பெரிய பள்ளம். விழப்போறான்னு எனக்குத் தெரியறது. அதுக்காக நானா தள்ளினேன்?"

"நீங்க கத்தியிருக்கலாமே?"

"கத்தினேனே! அவன் காதுல ஹெட்போன்."

போன மாதம் நடந்ததாம். பையனுக்குக் கையில் கட்டு. பெருமாளும் இப்படிக் கத்திக்கொண்டேதான் இருக்கிறார், நமக்குத்தான் காது கேட்பதில்லை என்று முடித்துவிட்டு, பட்டர் எனக்குத் தீர்த்தம் கொடுத்தார். நான் புளியோதரைக்குக் கை நீட்டினேன். ஏகாம்பரம் புளியோதரையைத் தொடவில்லை. பக்கத்தில் கேசரி கொடுத்தார்கள், அங்கே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆவடி. செல்வியின் எதிர்வீட்டு மெர்சி போகிற ஜெபக்கூடம், ஒரு டயர் கடையின் மாடியில். ஐந்து சாமியில் இயேசுவும் எப்படி வந்தார் என்று கேட்டேன். "மெர்சி எனக்காக மூணு நாள் பட்டினி கெடந்தா. போவாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் செல்வி. நியாயம்தான். முப்பது வருட எதிர்வீடு.

பாஸ்டர் இளைஞர். வாரநாளில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அன்று அவர் பிரசங்கமே நித்தியம் பற்றித்தான். ஒரு பென்டிரைவைத் தூக்கிக் காட்டினார். "இதுக்குள்ள முழுப் படமும் இருக்கு. நமக்கு இடைவேளை இன்னும் வரலை. கர்த்தருக்கு முழுப் படமும் ஒரே பார்வையில தெரியுது. ஆனா உன் சீன்ல நீதான் நடிக்கணும்!" என்றார். எனக்கே கொஞ்சம் பிடித்திருந்தது. ஆனால் "கடைசியாக ஒரு வார்த்தை" என்று பதினொன்றரைக்குச் சொன்னவர், ஒன்றே காலுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நித்தியம் என்றால் எவ்வளவு நேரம் என்று என் முதுகெலும்புக்கு அன்றைக்குப் புரிந்தது.

கூட்டம் முடிந்ததும் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார்கள். உள்ளே சின்னச் சின்ன அட்டைகள். ஒவ்வொன்றிலும் கடவுள் வாக்குக் கொடுப்பதாக பைபிளிலிருந்து ஒரு வாக்குத்தத்த வசனம். புது வருடத்தில் ஆளுக்கு ஒன்று எடுப்பார்களாம், மீதி இருந்ததில் புதிதாக வந்தவர்களுக்கும் உண்டு. செல்வி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, படிக்காமலே மூட்டைக்குள் திணித்தாள்.

"அதையாவது படியேன் அக்கா, நல்லதாத்தான் எழுதியிருப்பாங்க" என்றாள் மெர்சி.

"கவர்ல கீறதோட ஒத்துக்கலைன்னா இன்னா பண்றது?" என்றாள் செல்வி.

ஏகாம்பரம் தனக்கு வந்த அட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

திங்கட்கிழமை காட்டுப்பாக்கத்தில் சிவன். போக்குவரத்து நெரிசலில் ஷேர் ஆட்டோ நகரவே இல்லை. போய்ச் சேர்ந்தபோது நடை சாத்திவிட்டார்கள். சாயங்காலம் வரலாம் என்றேன் நான். "எதுக்கு? கதவு நமக்குத்தான் சாத்திக்கீது" என்று சொல்லிவிட்டு, செல்வி பூட்டுக்கு முன்னால் நின்று முழு வேண்டுதலையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த பூக்கடை அம்மாள் தானும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டாள்.

திரும்பும் வழியில் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, கெட்டதா இருந்தா நீ எப்படி சொல்லுவே?" என்று கேட்டாள். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஊரிலிருந்து கிளம்பியது முதலே பயமாகத்தான் இருந்தது, கோபப்பட்டுக்கொண்டிருந்ததால் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கடைசிச் சாமி, செம்பரம்பாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு முனீஸ்வரன். போகிற வழியெல்லாம் கிடங்குகளும் மனை விற்கிற பலகைகளும். ஆட்டோவை விட்டு இறங்கி, சுருட்டும் எலுமிச்சம்பழமும் வாங்கி, முனீஸ்வரன் காலடியில் நின்றபோதுதான் செல்வி கத்தினாள். மூட்டை ஆட்டோவில் போய்விட்டது.

நான் அறுபத்து மூன்று வயதில் அப்படி ஓடுவேன் என்று எந்தச் சாமிக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்காது. மெயின் ரோடு வரை ஓடினேன். எங்கு பார்த்தாலும் ஆட்டோ, எல்லாம் மஞ்சள். மூச்சு வாங்கிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது, அதே ஆட்டோக்காரர் மூட்டையோடு கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க எறங்கும்போதே நெனச்சேன், இந்தம்மா இத்த மறந்துட்டுத்தான் போவப்போவுதுன்னு."

"அப்ப சொல்ல வேண்டியதுதானே ஐயா!" என்று கத்தினேன்.

"நீங்க மறந்தாத்தானே சார் மறந்துட்டீங்கன்னு சொல்ல முடியும்? மறக்கறதுக்கு முன்னாடி சொன்னா, நானா மறந்தேன்னு சண்டைக்கி வருவீங்கோ."

ஏகாம்பரம் மட்டும் ஓடவில்லை, கத்தவில்லை. மூட்டை போனபோதும் வந்தபோதும் ஒரே மாதிரி நின்றிருந்தார். கோயிலில் கொடுத்த பொங்கல் தொன்னை கையில். பெண்டாட்டி உயிர் அந்த மூட்டையில் இருக்கிறது, இந்த மனுஷனுக்குப் பொங்கல் கேட்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லியும்விட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றி, செல்வி மூட்டையை என் மடியில் வைத்தாள். முடிச்சு இறுகிப்போய் இருந்தது; பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். காசைத் தனியாக வைத்தேன். அட்டையைத் தனியாக வைத்தேன். கவரைக் கிழித்தேன். கண்ணாடி கீழே விழுந்து, அதை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

"சொல்லு அண்ணா. எதுவா இருந்தாலும் சொல்லு."

"சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு" என்றேன்.

"எனக்கா?"

"உனக்கு இல்ல. ஏகாம்பரம், வயது அறுபத்தைந்து, ஆண் என்று போட்டிருக்கிறது."

கட்டிக்குச் சதை எடுத்த அன்றைக்கே, அதே இடத்தில் ஏகாம்பரமும் சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார். இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே மாதிரிக் கவரில் சேர்ந்து வந்திருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவள், புருஷனுடைய கவரை எடுத்து மஞ்சள் துணியில் சுற்றிவிட்டாள். ஐந்து சாமிகளும் ஐந்து நாளாக மாப்பிள்ளையின் சர்க்கரையைத்தான் ஆசீர்வதித்திருக்கிறார்கள். அவரும் ஐந்து நாளாகச் சர்க்கரைப் பொங்கலும் கேசரியும் தின்று அவர்களுக்கு வேலை வைத்திருக்கிறார்.

"அப்ப என்னுது எங்க?" என்றாள் செல்வி.

ஏகாம்பரம் எழுந்து போய், ஃபிரிட்ஜுக்கு மேலிருந்து ஒரு கவரை எடுத்துக்கொண்டு வந்தார். அது பிரித்திருந்தது.

"என்னுதுன்னு நெனச்சுப் பிரிச்சுட்டேன்" என்றார். "வந்த அன்னிக்கே."

"அன்னிக்கேவா? உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுகினே எங்கூட சுத்துனியா?"

"நீதான் யாரும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினே. மாத்தி வெக்கலாம்னு பார்த்தா, அதுக்குள்ள மூட்டையைக் கட்டி சாமிகிட்ட வெச்சுட்டே. வேண்டுதல் முடிச்ச யாராச்சும் அவுப்பாங்களா?"

செல்வி கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். "மாப்ளே, என்ன போட்டிருக்கு?"

"நல்லதா இல்ல மச்சான்." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். முப்பது வருடத்தில் அவர் பேசி நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான். "ஆனா சின்னதாத்தான் கீதாம். இத்த எடுத்துகினு போன வியாழக்கெழம டாக்டரைப் பார்த்தேன். எடுத்துட்டா சரியாப்பூடும்ன்றாரு. திங்கக்கெழமையே இட்டாந்து சேருங்கன்னாரு. நான்தான் வேணாம், எங்க ஊட்ல செவ்வாக்கெழம முனீஸ்வரனை முடிச்சுட்டுத்தான் எதையும் கேக்கும், புதங்கெழம சேர்க்கறேன்னு சொல்லிக் கீறேன். நாளைக்குக் காலீல போவணும். துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்."

செல்வி அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் இருந்த சாமி படங்களைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"ஒரு வாரமா தெரிஞ்சுகினே எனக்கு வடகறி பண்ணிப் போட்டியா?" என்றாள்.

"பின்ன?"

"நான் அஞ்சு சாமியும் முடிப்பேன்னு தெரிஞ்சு, அதுக்கப்புறமா நாள் குறிச்சியா?"

"நீ முடிக்காம வரமாட்டியே."

அவள் என் பக்கம் திரும்பினாள். "பார்த்தியா அண்ணா, முன்னாடியே தெரிஞ்சவங்க எப்படி இருப்பாங்கன்னு கேட்டுகினே இருந்தியே. இப்படித்தான் இருப்பாங்க" என்றாள். பிறகு என் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கினாள். "முந்நூத்திப் பன்னெண்டா? முந்நூத்திப் பன்னெண்டை வெச்சுகினு ரெண்டு தொன்னை பொங்கல் துன்னியா நீ?" அதற்குப் பிறகு அரை மணி நேரம் அந்த வீட்டில் யாரும் புற்றுநோயைப் பற்றிப் பேசவில்லை. ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கினார். அவர் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை சேர்த்தோம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது செல்வி என்னைக் கூப்பிட்டு, "நீ எனக்காக சாமி கும்புடுறேன்னு ஆரம்பிக்காதே, உனக்குப் பழக்கம் இல்ல. அவரு காபில சக்கரை போடாம பார்த்துக்கோ" என்றாள்.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நானும் ஏகாம்பரமும். அவர் சர்க்கரை போடாத காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். பதினொன்றரை ஆனது. யாரும் வெளியே வரவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு வாரம் எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருந்த மனுஷன்தானே, அவரிடமே கேட்டேன்.

"மாப்ளே, நல்லபடியா முடிஞ்சுடும்ல?"

"தெரியாது மச்சான்" என்றார். சொன்னதும் உடைந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, அத்தனை பேர் நடமாடுகிற இடத்தில் அழுதார். காபி தரையில் கொட்டியது. அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். உள்ளே வெட்ட வேண்டியதை வெட்டி முடித்திருப்பார்கள். நல்லதோ கெட்டதோ, அது இந்நேரம் நடந்து முடிந்த விஷயம். நாற்பது வருடம் பாடம் நடத்தியவனுக்கு இது தெரியாதா? தெரிந்தும் கை கூப்பினேன். யாரைக் கூப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. "வர கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பத்து மணிக்கே கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.